பானெட் மெத்தை காயும் நேரம்

ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால்தான் இப்போது ஷெட்டை நடத்துகிறவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, "வரலைங்க, எழுதிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவள். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். பழைய காரின் பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டுகிற மெத்தை இப்போது அந்தந்த வண்டிக்கு அளவாக வெட்டி, ஒரு பக்கம் வெள்ளித்தாளும் மறுபக்கம் பசையுமாகப் பெட்டியில் வருகிறது. தாளை உரித்து ஒட்டினால் முடிந்தது. எங்கள் காலத்தில் சணலையும் பழைய கம்பளியையும் அடுக்கி, மேலே கித்தான் போட்டுத் தைத்து, ரப்பர் சொல்யூஷனைப் பெட்ரோலில் இளக்கித் தடவி ஒட்டுவோம். இன்ஜின் சூட்டில் மேல் பெயிண்ட் கொப்புளம் கட்டாமல் இருக்கவும், இரைச்சல் அடங்கவும் அந்த மெத்தை. ஒட்டின பிறகு பானெட்டைத் திறந்தே வைத்துக் காயவிட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் போதும், நான் சொல்லப் போவது விளங்கிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் குடவாசல் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவும் தம்பியும் ஊர் மிராசுதார் வயலில் கூலி வேலை. நான் தஞ்சாவூரில் சித்தி வீட்டில் தங்கி, ரைஸ் மில்லில் நெல் மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். மில் லாரியைப் பழுது பார்க்க வந்த ஒருவர் நான் தைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கருப்புச் சட்டை போட்டிருந்தார்.

"கார் சீட்டு, மெத்தையெல்லாம் தைக்க வர்றியாம்மா?" என்று கேட்டார்.

"அது ஆம்பளைங்க வேலை பாக்குற எடமாச்சே" என்று சித்திதான் பதில் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவே இல்லை.

"ஊசிக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார்.

அவர்தான் என் முதலாளி. முதலாளி என்று கூப்பிடக் கூடாது என்று எத்தனையோ தடவை சொன்னார். என் வாயில் அதுதான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று, எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைக் காட்டி, "டம்ளர் ஒண்ணுதான் இருக்கு. எல்லாரும் அதுலதான் குடிக்கிறோம். நீயும் அதுலயே குடி" என்றார். எங்கள் ஊரில் எங்களுக்கு டம்ளரே கிடையாது, இரண்டு கையையும் குவித்துத்தான் வாங்கிக் குடிப்போம். அந்த டம்ளரில் முதல் தடவை குடித்தபோது பாதி தண்ணீர் என் சேலையில் கொட்டிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பிக்கொண்டதற்காக இன்றைக்கும் அவருக்கு மனதுக்குள் கும்பிடு போடுகிறேன். கும்பிடுவது அவருக்குப் பிடிக்காது என்றாலும்.

ஷெட்டுச் சுவரில் அவர் கையாலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார்: "இங்கே சூடம் கொளுத்தக் கூடாது." நம் பக்கத்தில் வண்டி எந்த வேலை முடிந்து வெளியே வந்தாலும் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துத்தானே எடுப்பார்கள்? அதனால் வருகிறவர்கள் எல்லோரும் முணுமுணுப்பார்கள். "கருப்புச் சட்டை ஷெட்டுய்யா, சாமி பேரைச் சொன்னாலே ஆகாது." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொள்கைக்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று.

ஒரு நாள் பெயிண்டர் பீடி பற்ற வைத்துக் குச்சியைக் கீழே போட்டார். சொல்யூஷன் துடைத்த துணி பத்தடி தள்ளிக் கிடந்தது. குச்சிக்கும் துணிக்கும் நடுவில் தரையில் ஒன்றுமே இல்லை. இருந்தும் நீலமாக ஒரு கோடு தரையோடு ஓடி, துணி பக்கென்று பற்றிக்கொண்டது. முதலாளி மணல் வாளியைக் கவிழ்த்து அணைத்தார். பெயிண்டரைத் திட்டவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"சாமி இருக்கா இல்லையான்னு பொதுக்கூட்டத்துல பேசிக்கலாம். இந்த ஷெட்டுல பெட்ரோல் இருக்கு. அதுல யாருக்கும் சந்தேகம் வேணாம். அதோட ஆவி தண்ணி மாதிரி தரையில ஊர்ந்து போவும். கண்ணுக்குத் தெரியாது."

அன்றுதான் அந்தச் சுவர் எழுத்துக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. ஆனால் வெளி ஆட்களுக்கு அவர் ஒருபோதும் விளக்கம் சொன்னதில்லை. "ஏன்யா கூடாது?" என்று யாராவது கேட்டால் வாதத்துக்கு இறங்கிவிடுவார். வாதம் பண்ணுவதில் அவருக்கு அவ்வளவு பிரியம்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் நிலைமை சரியில்லை. சம்பா அறுப்புக் கூலியை உயர்த்திக் கேட்டு வரப்பில் கொடி நட்டிருந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். அடிதடி ஆகி, சங்கத்தில் இருந்த என் தம்பி திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய் ஒளிந்திருந்தான். அம்மா தனியாக இருந்தாள். எங்கள் வடக்குத் தெருக் குடிசைகள் எல்லாம் மிராசுதார் மனையில் போட்டவை. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. தாலுகா ஆபீசிலிருந்து வந்து விசாரிப்பார்கள், வருகிற அன்றைக்கு யார் குடிசை நிற்கிறதோ அவர்களுக்கு அந்த மனை என்று பேச்சு. அதனால் அதற்கு முன்னாலேயே சங்கத்து ஆட்களின் குடிசைகளைப் பிரித்துப் போட்டுவிட வேண்டும் என்று மிராசுதாரின் காரியக்காரர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். நில விவகாரம் எல்லாம் பார்ப்பவர் அவர். முதலில் எங்கள் குடிசைதான் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த நேரத்தில் அதே மிராசுதார் வீட்டு வண்டி எங்கள் ஷெட்டுக்கு வந்தது. நீளமான பழைய வெளிநாட்டுக் கார். படகு கார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான். நெல் அடுக்குகிற கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்ததில், அறுப்பு முடிந்து வயலில் இருந்து வந்த எலிகள் பானெட் மெத்தையைப் பிய்த்து உள்ளேயே கூடு கட்டிவிட்டன. வைக்கோலும் பதரும் கதிருமாக ஒரு கூடை அள்ளினேன். நடுவில் நாலைந்து குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

வியாழக்கிழமை. முதலாளி திருச்சியில் மாநாடு என்று போய்விட்டார். மெக்கானிக்கும் பெயிண்டரும் அவரோடு போனார்கள். "மெத்தையை ஒட்டிட்டு பானெட்டைத் தொறந்தே வச்சிரு. அவங்க சாயங்காலம்தான் எடுக்க வருவாங்க. அதுக்குள்ள காஞ்சுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மிராசுதார் வீட்டு டிரைவர் வண்டியோடு தங்கியிருந்தார். வாசல் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, நான் பேசாவிட்டாலும் அவராகவே பேசிக்கொண்டிருப்பார். நல்ல மனிதர். அவருக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

நான் ஒட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது ஒரு டாக்சி வந்து நின்றது. காரியக்காரரும் மிராசுதார் வீட்டு அம்மாவும் இறங்கினார்கள். காரியக்காரர் கையில் பூசணிக்காய்.

"வண்டி ரெடியா? பூ அலங்காரத்துக்கு ஆளுங்க காத்திருக்காங்க. ஒண்ணரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கெளப்பணும்" என்றார் டிரைவரிடம்.

"சாயந்தரம்னு சொன்னாங்களே" என்றார் டிரைவர், எழுந்து துண்டை உதறிக்கொண்டு.

"சொன்னா சொன்னதுதானா? கல்யாண வீடுய்யா."

நேராக உள்ளே வந்தார். திறந்திருந்த பானெட்டைப் பார்த்து, "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற வண்டிக்கா சூடம் காட்டுறது?" என்று சொல்லி, படாரென்று மூடிவிட்டார். வண்டிக்கு முன்னால் தரையில் பூசணிக்காயை வைத்தார். அதன் மேல் சூடக் கட்டியை வைத்தார்.

உள்ளே மெத்தை ஈரம். சொல்யூஷன் குவளை இன்னும் மூடாமல் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றே இல்லாத மத்தியானம். குவளையை எடுத்து மூடிக்கொண்டே, "சூடம் வேணாங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் சுவர் எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு, நம்ம வடக்குத் தெரு அஞ்சலை மவதானே நீ?"

"ஆமாங்க."

"அதானே பாத்தேன். அங்க கொடி நட்டது பத்தாதுன்னு இங்கயும் வந்து சட்டம் பேசுறியா?"

"இல்லீங்க, பெட்ரோலுங்க. இப்பதான் ஒட்டினது. ஆவி இருக்கும்..."

"வண்டி எதுல ஓடுதாம், பன்னீர்லயா? வருசா வருசம் ஆயுத பூசைக்கு இதே வண்டிக்கு நாந்தான் சூடம் காட்டுறேன். எரிஞ்சா போச்சு?" டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உன் ஆத்தா யாரு மனையில குந்தியிருக்கான்னு ஞாபகம் இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்ச மறுநாளு கூரையைப் பிரிக்கிறதா இருந்தேன். நீ பேசுற பேச்சுக்கு இன்னிக்கே ஆள் அனுப்பவா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சூடத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தால் நெருப்பு நிற்கும், அம்மாவின் குடிசை அன்றைக்கே போகும். சும்மா நின்றால் அங்கே இருக்கிற நாலு பேரும், வண்டியும், ஷெட்டும் போகும். நான் சொன்னது நிஜம்தான். ஆனால் அந்த நிஜம் என் வாயிலிருந்து வந்ததால் அவருக்குக் கொடி பிடிக்கிற மாதிரிக் கேட்டது. இன்னும் பத்துத் தடவை சொன்னாலும் அப்படித்தான் கேட்டிருக்கும். சத்தமாகச் சொன்னால் இன்னும் மோசம். அவர் எதற்குக் கட்டுப்படுவார் என்று மட்டும் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பெருமைதான். கண்ணில் பட்டது அந்தக் கூடை. எலிக்கூடு அள்ளிப் போட்டிருந்த கூடை.

காரியக்காரரை விட்டுவிட்டு, வாசலில் நின்ற மிராசுதார் வீட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா, பானெட்டுக்குள்ள எலி குட்டி போட்டு, குட்டியெல்லாம் செத்துக் கெடந்துச்சுங்க. இந்தா, கூடையில இருக்கு. இந்த எடம் தீட்டுங்க. கல்யாண வண்டிக்குத் தீட்டு எடத்துல சூடம் காட்டலாங்களா?"

அந்த வார்த்தையை அதுவரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. கேட்டிருக்கிறேன். எங்களைப் பார்த்துச் சொல்லுவார்கள். கிணற்றடியில், கோயில் வாசலில், மிராசுதார் வீட்டுக் கொல்லையில். அன்றைக்கு அதை நான் எடுத்துப் பேசினேன். பேசினதும் நாக்கு கசந்தது. ஆனால் காரியக்காரரின் கை நின்றுவிட்டது. குச்சி பாதி வெளியே வந்தபடி தீப்பெட்டி அப்படியே நின்றது.

நான் விடவில்லை. அவ்வளவு நீளமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பேசினதில்லை.

"வண்டியை ரோட்டு மரத்தடிக்குத் தள்ளிக்கிட்டுப் போயி, பானெட்டைத் தொறந்து, மஞ்சத்தண்ணி தெளிக்கணுங்க. ஈரம் காயற வரைக்கும் மூடக் கூடாது. ராகுகாலமும் கழிஞ்சிடும். அப்பறமா காத்தாட நின்னு சூடம் காட்டுங்க. நல்லபடியா இருக்கும்."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார்கள். அப்போது அவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வடக்குத் தெருக்காரி தீட்டைப் பற்றித் தனக்குச் சொல்லித் தருகிறாளே என்று நினைத்திருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன்.

"தீப்பெட்டியை உள்ள வைங்க" என்றார்கள் காரியக்காரரிடம். "வண்டியைத் தள்ளச் சொல்லுங்க."

"ஓட்டிட்டே போயிடலாமேம்மா..."

"தள்ளுங்கன்னு சொன்னேன்."

டிரைவர் என் பக்கமாக வந்து, மெதுவாக, "ஸ்டார்ட் பண்ணவே கூடாது, அதானே?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் முதலில் பானெட்டைத் திறந்துவிட்டார். பிறகு சத்தமாக, "அய்யா, படகு கனம், நான் ஒருத்தனா தள்ள முடியாது. நீங்களும் ஒரு கை குடுங்க" என்று காரியக்காரரைக் கூப்பிட்டார். சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரியக்காரர் பின்னால் நின்று தள்ளினார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரே வண்டியில் அவர் கையும் என் கையும் இருந்தது அன்றைக்குத்தான். "மூச்சைப் புடிச்சுத் தள்ளுங்கய்யா, கல்யாண வீட்டுச் சாப்பாடு எங்க போச்சு?" என்று டிரைவர் முன்னால் இருந்து ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டே கேட்டது இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

ரோட்டோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். காரியக்காரர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அம்மாவுக்கு ஷெட்டில் இருந்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன்.

அம்மா உட்கார்ந்தார்கள். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார்கள்.

"இது எலி வாடை இல்லையே."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா வீட்டுல மண்ணெண்ணெ டின்னுக்குப் பக்கத்துல வெளக்கை வச்சு, அடுக்களையே போச்சு. நான் அப்ப சின்னப் பொண்ணு. இந்த மாதிரி வாடை வந்தா எனக்குத் தெரியும். உள்ள வந்ததுமே தெரிஞ்சுது."

"அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நான் சொன்னா, உங்களுக்கு என்னம்மா தெரியும்னு சிரிச்சிருப்பாரு. நீ சொன்னதுக்குத்தான் சிரிச்சாரே, பாத்தேன்ல?" பிறகு, "ஆனா தீட்டுன்னா கேப்பாரு. எங்க வீட்டுல எல்லாரும் கேப்பாங்க" என்றார்கள். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அப்புறம் கேட்டார்கள்: "கூரையைப் பிரிக்கிறேன்னு சொன்னாரே. உங்கம்மா தனியாவா இருக்கா?"

"ஆமாங்க. தம்பி ஊர்ல இல்லீங்க."

கேட்டுவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை, எங்க குடிசையை விட்டுடச் சொல்லுங்கம்மா என்று. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்கவில்லை. வெட்கம் பாதி. மீதி என்னவென்றால், நெருப்பு வேண்டாம் என்று சொன்னது வேலைக்காக. அதைக் காட்டி வீட்டைக் கேட்டால், அதுவும் பேரம் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவர்களும் வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு மேல் மரத்தடியிலேயே சூடம் காட்டினார்கள். பூசணிக்காயை உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. படகு கார் சத்தமே இல்லாமல் போனது. மெத்தை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. நான் உள்ளே வந்து கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய ஷெட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்வார் என்று பயம். அவர் வாழ்க்கையே அந்த வார்த்தைக்கு எதிராகத்தானே. வெகுநேரம் சுவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இருந்திருந்தா அந்த ஆளோட சண்டை போட்டிருப்பேன்" என்றார். "சண்டையில நான்தான் ஜெயிச்சிருப்பேன். ஷெட்டு எரிஞ்சு போயிருக்கும்."

இரண்டு நாள் கழித்து, சிமெண்டும் ஒரு கருங்கல்லும் கொண்டுவந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் அவரே உட்கார்ந்து பதித்தார். "சூடம் காட்டுறவங்க இங்க காட்டிக்கலாம்" என்று சின்னதாக எழுதி ஒரு பலகையும் மாட்டினார். அவருடைய தோழர்கள் கிண்டல் பண்ணித் தீர்த்துவிட்டார்கள். "என்ன தோழர், கோயில் கட்டிட்டீங்களாமே, கும்பாபிஷேகம் எப்ப?" என்பார்கள். "காணிக்கை போட்டுட்டுப் போங்கய்யா" என்பார் இவர். தன் பக்கம் நியாயம் இருந்தும், எதிர்ப் பக்கம் நிற்கிறவன் வருவதற்கு வழி விட்டு நின்ற மனிதர் அவர். அவரிடம் வேலை பார்த்ததற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

குடிசை விஷயம் எனக்கு நிம்மதி கொடுக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பிரிப்பதாகக் காரியக்காரர் சொல்லியிருந்தாரே. ஊருக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். சட்டி பானையைச் சாக்கில் கட்டி வைத்திருந்தோம். அன்றைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவில் யாருக்கும் காரணம் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் ஹாரன் சரியில்லை என்று டிரைவர் வண்டியைக் கொண்டுவந்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவர்தான் சொன்னார்.

"சேதி தெரியுமா தங்கச்சி? கல்யாணத்தன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுப் பந்தியில, கடப்பாரை எடுத்துக்கிட்டு ஆள் காலையில வந்துடும்னு காரியக்காரரு ஐயாகிட்ட சொல்றாரு. அம்மா பரிமாறிக்கிட்டே வந்தாங்க. 'பொண்ணு கழுத்துல தாலி ஏறுன ஈரம் காயல. தாலி பிரிச்சுக் கோக்குற வரைக்கும் ஊர்ல எந்தக் கூரையிலயும் கை வைக்கப்படாது. பிரிச்ச வீட்டுப் பாவம் புதுத் தாலிக்கு ஆகாது'ன்னாங்க. ஐயா கையில எடுத்த சோத்தைக் கீழ வச்சிட்டாரு. 'அப்படியெல்லாம் இருக்கா?'ன்னாரு. 'எங்க அம்மா வீட்டுல அப்படித்தான்'ன்னாங்க. அவ்வளவுதான்!"

"நெசமாவே அப்படி ஒரு வழக்கம் இருக்காண்ணே?"

டிரைவர் டீ கிளாசைக் கவிழ்த்து வைத்தார். "நானும் நாலு ஊர்ல கல்யாணம் பாத்தவன். கேட்டதில்ல" என்றார்.

நம் பக்கத்தில் தாலி பிரித்துக் கோப்பது கல்யாணமாகி மூன்றாம் மாசம். அதற்குள் தாலுகா ஆபீஸ் ஆட்கள் வந்துவிட்டார்கள். வடக்குத் தெருவில் எல்லாக் குடிசையும் நின்றது. அம்மா நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்று பேர் சொன்னாள். எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் மனை கிடைத்தது. தம்பியும் திரும்பி வந்தான்.

அந்த அம்மாவிடம் அதற்குப் பிறகு நான் பேசினதே இல்லை. எங்களுக்காகத்தான் செய்தார்களா, மகள் நல்லா இருக்கட்டும் என்று செய்தார்களா, எனக்குத் தெரியாது. இரண்டுமே இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நன்றி நன்றிதான். நான் கேட்காதது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடமும் ஒரு நாள் அவசரமாக ஒருவர் வருவார். வண்டி காயாது, அவர் காத்திருக்க மாட்டார். அப்போது யார் சரி என்று நிரூபிக்க நிற்காதீர்கள். முதலில் தீப்பெட்டி பைக்குள் போகட்டும். அதற்கு எந்த வார்த்தை வேண்டுமோ அதைத் தேடுங்கள். அது கசப்பாக இருந்தாலும் சரி. ஆனால் எல்லோரும் பத்திரமான பிறகு உங்கள் முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மிராசுதார் மனையில் குடியிருந்த காலத்தில் எங்கள் தெருவில் யாரும் மரம் வைக்கக் கூடாது. மரம் வைத்தால் பாத்தியதை வந்துவிடும் என்று பிடுங்கிப் போடுவார்கள். மனை எங்களுக்கு என்று ஆனதும் அம்மா வாசலில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டாள். அடுத்த வருஷம் காய்த்துத் தொங்கியது. முதல் காய்களை ஒடித்து, ஒரு கட்டாகக் கட்டி, மிராசுதார் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அந்த வீட்டிலிருந்து கொல்லைப் பக்கமாக வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம். கொடுத்துப் பழக்கம் இல்லை. என்ன ஆகுமோ என்று நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது அம்மா கையில் இரண்டு காய் இருந்தது. முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா, வாங்கிக்கலையா?"

"வாங்குனாங்க. கையிலேயே வாங்குனாங்க. வாங்கிட்டு, ஒவ்வொண்ணா நெரிச்சுப் பாத்து, இது ரெண்டும் முத்தல், குழம்புக்கு ஆகாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க!" அந்த இரண்டையும் என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "நீயே பாரு, இதுவா முத்தல்? என் மரத்துக் காயை வச்சுக்கிட்டு முத்தலுங்கறாங்களே!"

அம்மா ஒரு மரத்தை என் மரம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். ராத்திரி அந்த இரண்டு காயையும் போட்டுக் குழம்பு வைத்தாள். முத்தல்தான். நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.